பூட்டி வைத்தால் வளருமா பழைய காரின் மதிப்பு?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 2006இல், 1994ஆம் ஆண்டு தயாரான டொயோட்டா எம்.ஆர்.2 கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். கூரைக் கண்ணாடிகளைக் கழற்றி வைக்கும் டி-பார் வகை. டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின். இதுவரை 96,000 மைல் ஓடியிருக்கிறது. அதிகப் புகை விடும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் விதிக்கும் யூலெஸ் கட்டணம் எங்கள் பகுதிக்கும் வந்த பிறகு காரை கராஜில் நிறுத்தி, சாலையில் ஓட்டுவதில்லை என்று சோர்ன் அறிவிப்பும் கொடுத்துவிட்டேன். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கிறேன். 40 ஆண்டு நிறைந்தால் வரியும் கட்டணமும் இல்லை என்கிறார்கள். அதுவரை இப்படியே பூட்டி வைத்தால் கிளாசிக் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகுமா? நண்பர் ஒருவர், ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சினைப் போட்டு, 17 அங்குலச் சக்கரமும் புதுப் பெயின்ட்டும் மாற்றினால் மதிப்பு இரட்டிப்பாகும் என்கிறார். மனைவியோ, கராஜில் ஃப்ரீசர் வைக்க இடம் வேண்டும், வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று யோசனைகள் இருக்கின்றன. பூட்டி வைப்பது உங்களுடையது, எஞ்சினை மாற்றுவது நண்பருடையது, விற்றுவிடுவது உங்கள் மனைவியுடையது. முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் பழைய ஜப்பானியக் கார்களின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்றில் காருக்குத் தீங்கு செய்யாதது உங்கள் மனைவியின் யோசனை ஒன்றுதான். வாங்குகிறவராவது அதை ஓட்டுவார். ஆனால் நான்காவதாக ஒரு வழி உண்டு. காரை இருக்கிற வடிவத்திலேயே வைத்துக்கொண்டு, பழுதுகளை மட்டும் ஒழுங்காகச் சரிசெய்து, மாதம் இரண்டு நாளாவது சாலையில் ஓட்டுவதுதான் அது. அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

முதலில், இது கிளாசிக் ஆகுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். வயதாகிவிட்டது என்பதற்காகவே எந்தக் காரையும் யாரும் கொண்டாடுவதில்லை. எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைக்கும் இந்த நடு எஞ்சின் அமைப்பு, 1966இல் லம்போர்கினி மியூரா வந்த காலத்தில் பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டியது. அதை நடுத்தரச் சம்பளக்காரரின் கைக்குக் கொண்டுவர முயன்றவை மிகச் சில: ஃபோக்ஸ்வாகனோடு சேர்ந்து போர்ஷே 1969இல் கொண்டுவந்த 914, இத்தாலியில் 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, அமெரிக்காவில் 1984 மாடலாக வந்த போன்டியாக் ஃபியரோ. அதே 1984இல்தான் டொயோட்டாவின் முதல் எம்.ஆர்.2 ஜப்பானில் வெளியானது. உங்களுடையது 1989இன் இறுதியில் அறிமுகமாகி 1999 வரை தயாரான இரண்டாம் தலைமுறை. பட்டறைகளில் எஸ்டபிள்யூ20 என்று சொல்வோம்.

இந்த வரிசையில் 914இன் கதை உங்களுக்குப் பயன்படும். வந்த காலத்தில் அதைப் போர்ஷே ரசிகர்கள் போர்ஷேவாகவே ஏற்கவில்லை. நெடுங்காலம் மலிவாகக் கிடைத்ததால் துருப்பிடித்தவற்றைக் கழித்துக் கட்டினார்கள்; மிஞ்சியவற்றில் பலவற்றை வெட்டி ஒட்டி வேறு எஞ்சின் போட்டார்கள். இன்றைக்கு வெட்டுப்படாத, முதல் எஞ்சினோடு இருக்கிற 914ஐத் தேடி அலைகிறார்கள். எக்ஸ்1/9ஐத் துரு தின்றது; நன்றாக மிஞ்சியவை இன்று அரிது. எம்.ஆர்.2வுக்கு இந்த இரண்டு ஆபத்துகளோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. இரண்டாம் தலைமுறையின் உருவம் ஃபெராரியை நினைவூட்டுவதால், இந்த நாட்டில் எத்தனையோ எம்.ஆர்.2 கார்களின் உடலைக் கழற்றி, ஃபைபர் கிளாஸில் வார்த்த போலி ஃபெராரி உடலை மாட்டினார்கள். நல்ல டொயோட்டாவைக் கெடுத்துப் பொய் ஃபெராரி செய்த அந்த வேலையை நான் என் பட்டறையில் ஒரு முறைகூட ஒப்புக்கொண்டதில்லை. போதாக்குறைக்கு 2009இல், பத்து வயதைக் கடந்த காரை நொறுக்கக் கொடுத்தால் புதுக் காருக்கு 2,000 பவுண்ட் தள்ளுபடி என்ற அரசுத் திட்டம் வந்தபோது, பல வகைகளிலும் ஓடும் நிலையிலிருந்த கார்கள் நொறுக்கும் இயந்திரத்துக்குப் போயின. ஆக, டி-பார் கூரையும் மேலெழும் முகப்பு விளக்கும் தன் சொந்த எஞ்சினும் கொண்ட, கைபடாத எம்.ஆர்.2 என்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிற பொருள். அந்த முகப்பு விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும் ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டும் உற்பத்தி நின்றதோடு அந்த வழக்கமே ஒழிந்துபோனது.

எனவே உங்கள் கார் கிளாசிக் ஆகும் வரிசையில் நிற்கிறது என்பதே என் கணிப்பு. ஆனால் அதை வைத்து லாபக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுதோறும் காப்பீடு, பராமரிப்பு, கராஜ் இடம் எல்லாவற்றையும் கூட்டினால், பெரும்பாலான பழைய கார்கள் உரிமையாளருக்குக் கொடுத்ததைவிட அவரிடமிருந்து வாங்கியதே அதிகமாக இருக்கும். தனிநபரின் காரை விற்கும் லாபத்துக்கு இந்த நாட்டில் மூலதன ஆதாய வரி கிடையாது என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது உண்மைதான், வரி போடும் அளவுக்கு லாபம் எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

கட்டணக் கணக்கைப் பார்ப்போம். யூலெஸ் 2023 ஆகஸ்ட் 29இல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. உங்கள் காரைப் போன்ற பழைய பெட்ரோல் கார் ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண்ட். நின்றுகொண்டிருக்கும் நாளுக்குக் கட்டணம் இல்லை. நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே கட்டணம்தான். மாதம் இரண்டு நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 24 நாள், 300 பவுண்ட். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாதங்களை விட்டுவிட்டால் இன்னும் குறையும். சாலை வரியையும் ஆண்டு முழுவதுக்கும் கட்ட வேண்டியதில்லை. ஏப்ரலில் கட்டி, நவம்பரில் சோர்ன் கொடுத்தால், மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் திரும்பி வந்துவிடும். கார் 1995 ஜனவரி 1க்கு முன் தயாரானது என்பதால், இன்றைய விதிப்படி 2035 ஏப்ரல் 1 முதல் அதை வரலாற்று வாகனம் என்று பதிந்துகொள்ளலாம்; அதன் பிறகு வரியும் இல்லை, யூலெஸும் இல்லை. அந்தத் தேதிக்காகக் காரை அசையாமல் நிறுத்தினால், நீங்கள் மிச்சம் பிடித்த கட்டணம் முழுவதும் ஒரே ஒரு பழுதுச் சீட்டில் போய்விடும்.

ஏன் என்பதற்கு இந்தக் காரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்காது. ஸ்டெப்னி இருக்கும், மூக்கோரத்தில் ரேடியேட்டர் இருக்கும். எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் டாங்க் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள குகைக்குள் நீளவாக்கில் இருக்கிறது. பெட்ரோல் குறைந்தாலும் காரின் எடைச் சமநிலை மாறாதிருக்க அங்கே வைத்தார்கள், அழகான ஏற்பாடு. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாகிப் பின்னாலிருந்து முன்னால் போய்க் குளிர்ந்து திரும்ப, காரின் அடிவயிறு நெடுக இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. கியர் மாற்றும் கேபிள்கள், கிளட்ச் குழாய், ஹீட்டர் குழாய் என்று சாதாரணக் காரில் ஓர் அடி நீளத்தில் முடிகிற ஒவ்வொன்றும் இதில் காரின் பாதி நீளத்துக்கு நீள்கிறது. நீண்ட குழாய் என்றால் அதிக இணைப்பு. அதிக இணைப்பு என்றால் அதிக ரப்பர். அந்த ரப்பருக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

கூலன்ட் மாற்றும் வேலையில்தான் இந்தக் காரை அறிந்த மெக்கானிக்கும் அறியாத மெக்கானிக்கும் வேறுபடுவார்கள். சாதாரணக் காரில் மூடியைத் திறந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பினால் வேலை முடிந்தது. இதில் அப்படி ஊற்றினால் நீண்ட குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் காற்றை வெளியேற்றும் திருகுகள் இருக்கின்றன. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்களை அவற்றில் செருகி, பானெட்டின் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பின்னால் எஞ்சின் அருகேயுள்ள வாயில் மெதுவாக ஊற்ற வேண்டும். முதலில் அந்தக் குழாய்களில் குமிழ்கள் ஏறும். பிறகு சிவப்புக் கூலன்ட் ஏறும். இரண்டு பக்கமும் மட்டம் நின்ற பிறகே திருகுகளை மூட வேண்டும். பத்து லிட்டருக்கும் மேல் பிடிக்கும் என்பதால் அவசரப்படுபவருக்கு இந்த வேலை ஒத்துவராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணியின் எம்.ஆர்.2 இழுவை வண்டியில் என்னிடம் வந்தது. முந்தைய வாரம் வேறோர் இடத்தில் ஒரு ஹோஸ் மாற்றி, மூடியைத் திறந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, வெப்பமுள் மட்டும் ஏறியது. அவர் கவனிப்பதற்குள் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. ஹீட்டர் குளிரும்போது முள் ஏறினால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பத்து நிமிட வழக்கத்துக்கு வருகிறேன். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் உண்டாகும். ஓடுகிற காரில் சைலன்சர் முழுவதும் சூடேறி அந்த ஈரத்தை வெளியே தள்ளிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் எஞ்சின் ஆயில் அதன் வேலைச் சூட்டை எட்டியிருக்காது. சைலன்சரின் பின்பகுதியும் குளிர்ந்தே இருக்கும். ஈரம் ஆயிலில் கலக்கும், சைலன்சரில் தேங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. மேலும், எஞ்சின் மட்டும் சுற்றுகிறதே தவிர, பிரேக்கும் கிளட்ச்சும் கியர்பெட்டியும் சக்கர பேரிங்கும் அசையவே இல்லை. இந்தக் காரின் பின் பிரேக் காலிப்பர்களிலேயே ஹேண்ட் பிரேக் அமைப்பும் இருப்பதால், நின்ற காரில் முதலில் இறுகிக்கொள்வது அதுதான். ஒன்று, காரை எடுத்து இருபது மைல் ஓட்டுங்கள். அல்லது எஞ்சினைத் தொடாமலே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் செய்வதெல்லாம் கெடுதல்தான்.

துருவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாததால்தான் கவலையாக இருக்கிறது. எஞ்சின் பழுதானால் அதே 2 லிட்டர் எஞ்சின் குடும்பம் செலிகாவிலும் இருந்ததால் பாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். உடல் தகடு போனால் டிங்கரிங் செலவு காரின் விலையையே விழுங்கிவிடும். எஸ்டபிள்யூ20 காரில் துரு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கும்: பின் சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகட்டின் உள்மடிப்பில். சக்கரம் வீசும் சேறும் உப்பும் அந்த மடிப்பில் போய் உட்கார்ந்து, எப்போதும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அங்கிருந்து முன்னோக்கி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற அடித்தகட்டின் பின்முனைக்கு இறங்கும். வெளியே பெயின்ட்டில் கடுகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அந்த மடிப்புக்குள் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அப்பளம் போல் பொரிந்து உதிர்ந்தால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டு வைக்க வேண்டும். பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். இரண்டு குளிர்காலத்தில் பட்டியோடு சேர்ந்து விழும்.

அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த காரைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். ஒருவர் அப்படி ஒரு காரை, அடியெல்லாம் பளபளவென்று இருக்கிறது என்ற மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு வந்தார். லிஃப்டில் ஏற்றி, அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினேன். டண் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டது. கொஞ்சம் அழுத்தியதும் பிடி உள்ளே போய்விட்டது. துருவின் மேலேயே தார்ப்பூச்சை அடித்திருந்தார்கள். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு வேலையை வேகமாக முடித்திருந்தது. முதலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, துருவைச் சுரண்டி எடுத்து, பிறகு மெழுகு வகைப் பாதுகாப்பு எண்ணெயை உட்குழிவுகளுக்குள் பீய்ச்சுவதே முறை. டினிட்ரோல், வாக்ஸாயில் என்ற பெயர்களில் கிடைப்பவை அந்த வகை. தகடு தெரியும்படி இருப்பதுதான் வாங்குகிறவருக்கும் பிடிக்கும்.

டி-பார் கூரை இருப்பதால் இன்னொரு வேலை கூடுகிறது. கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் காய்ந்தால் மழைநீர் கசியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சீலைத் தாண்டி இறங்கும் நீர் வெளியேற மெல்லிய வடிகுழாய்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. அவை தூசியும் இலைத்தூளும் அடைத்து நின்றால் நீர் இருக்கைக்கு அடியில் தேங்கும். தரைவிரிப்பு மேலே காய்ந்திருக்கும், அதன் அடியிலுள்ள பஞ்சு நனைந்திருக்கும். விரிப்பை மேலே தொட்டுப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஓரத்தைத் தூக்கிக் கையை அடியில் விட்டுப் பாருங்கள். வடிகுழாயைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள், குழாய் உள்ளே கழன்றுவிடும். மெல்லிய நைலான் நரம்பை விட்டு மெதுவாக எடுங்கள். டி-பார் சீல், கதவோர ரப்பர், விளக்கு மூடிகள் போன்றவை நல்ல நிலையில் கண்ணில் பட்டால், இப்போது தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பாகம் பத்து ஆண்டுக்குப் பிறகும் கிடைக்கும். இவை கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

காரை எழுப்பும் வரிசை எளியது. டாங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, எத்தனால் குறைவாகக் கலந்த இ5 வகைப் பெட்ரோலை நிரப்புங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல், எத்தனால் கூடுதலாகக் கலந்த இ10 ஆகிவிட்டது; டொயோட்டா அதைத் தன் கார்களில் 1998 முதல் தயாரானவற்றுக்கே ஏற்றது என்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 மைல் என்பது ஓடும் காருக்கான கணக்கு, நிற்கும் காரில் பெல்ட்டை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். அதைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். இன்னொன்று: சோர்ன் கொடுத்த காரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தெருவுக்குக்கூட எடுக்கக் கூடாது. காப்பீடு இருந்தால், முன்பதிவு செய்த எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு ஓட்டிச் செல்ல மட்டும் அனுமதி உண்டு.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரில் இந்தக் காரை ஓட்டக் கூடாது. காரணம் உண்டு. எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களின் மீது இருக்கிறது. கனமான எஞ்சின் நடுவை ஒட்டியிருப்பதால் கார் சட்டென்று திரும்பும், அதே வேகத்தில் சட்டென்று சுழலவும் செய்யும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் பிடிமானத்தை விடும். ஆரம்பகால எஸ்டபிள்யூ20 கார்களைப் பற்றி இந்தப் புகார் பலமாக எழுந்ததால், 1992 மாடலில் டொயோட்டா பின் சஸ்பென்ஷனைத் திருத்தி, சக்கரத்தையும் 15 அங்குலமாக்கியது. உங்களுடையது அதற்குப் பிந்தையது. முன்னால் 195/55, பின்னால் 225/50 என்று அளவு வேறுபடும். பின் அளவில் இப்போது தேர்வு குறைவு என்பதால் சில டயர் கடைகளில் நான்கும் ஒரே அளவு போட்டுவிடுகிறேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த அகல வேறுபாடு உங்கள் பாதுகாப்புக்காக வைத்தது.

நண்பரின் டர்போ யோசனை புதிதல்ல. டர்போ வகையை டொயோட்டா இந்த நாட்டில் முறைப்படி விற்கவே இல்லை. இங்கே ஓடுபவை ஜப்பானிலிருந்து தனியாக இறக்குமதியானவை. எஞ்சினை மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பும் அல்ல. பதிவுச் சான்றில் புது எஞ்சின் எண்ணைத் திருத்த வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டர்போ வேண்டும் என்பவர் டர்போவாகவே பிறந்த காரை வாங்குவார். இங்கே விற்பனையான கைபடாத கார் வேண்டும் என்பவர் உங்கள் காரைத் தொடமாட்டார். இரண்டு பேரையும் இழக்கப் பணம் செலவழிப்பானேன்? 17 அங்குலச் சக்கரத்துக்கும் இதே பதில். ஏற்கனவே யாராவது மாற்றியிருந்தால், பழைய சக்கரங்களைத் தேடி வாங்கி வையுங்கள். பெயின்ட்டைப் பொறுத்தவரை, தொழிற்சாலையில் அடித்தது மங்கியிருந்தாலும் அதுவே மேல். நன்றாகப் பாலிஷ் செய்யுங்கள். சிவப்பாக இருந்தால் வெளுத்துப்போனது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து நீங்களே வியப்பீர்கள். துருப்பிடித்த பகுதியை மட்டும் சீர்செய்து, அங்கே மட்டும் பெயின்ட் அடித்து, வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படங்கள் ஒரு கோப்பில் சேர வேண்டும். 2006இல் வாங்கிய ரசீது, பழைய எம்.ஓ.டி. சான்றுகள், சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பில் எல்லாமே அதில் இருக்கட்டும். எம்.ஓ.டி. வரலாற்றையும் மைல் கணக்கையும் அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். இடையில் சில ஆண்டு வெறுமையாக இருந்தால், ஏன் நின்றது என்று வாங்குபவர் கேட்பார், உங்கள் கோப்பு பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரணக் காப்பீட்டில் விபத்து நேர்ந்தால் அன்றைய சந்தை விலை என்று ஏதோ ஒரு தொகையை நீட்டுவார்கள். கிளாசிக் கார்களுக்கான காப்பீட்டில், படங்களைக் காட்டி மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். ஆண்டுக்கு இத்தனை மைல்தான் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியமும் இறங்கும்.

நவம்பரில் நிறுத்தும்போது ஆயிலை அப்போதே மாற்றிவிடுங்கள். அழுக்கு ஆயிலோடு நிறுத்தி, வசந்தத்தில் மாற்றுவது தலைகீழ் வேலை. டாங்க்கை நிரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜரை மாட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும்; காற்றுப் போகும் துணியே போதும். ஃப்ரீசரை கராஜில் வைப்பதில் காருக்கு ஆட்சேபம் இல்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரம் மட்டும் அங்கே வரக் கூடாது. வெளிக்குழாய் இல்லாமல் ஓடினால், துணியின் ஈரமெல்லாம் காரின் மேல்தான் வந்து உட்காரும்.

விற்பதா வேண்டாமா என்பதை, பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். உள்மடிப்பும் அடித்தகட்டின் பின்முனையும் உறுதியாக இருந்து, நான் சொன்ன ஆயில், பெல்ட், டயர் வேலைகளோடு முடிகிறது என்றால், வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் தகடு போய்விட்டது, வெல்டு வேலைக்கு மனமும் பணமும் இல்லை என்றால், உள்ளதை மறைக்காமல் படத்தோடு எழுதி, எம்.ஆர்.2 உரிமையாளர் சங்கத்தினர் மத்தியில் விற்றுவிடுங்கள். அந்த வேலையைத் தாமே செய்யக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றுகிற அன்று மறக்காமல் முகப்பு விளக்குகளையும் ஒரு முறை மேலெழுப்பிப் பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் ஒரு கண் மட்டும் திறக்கும். அப்படி நேர்ந்தால் மோட்டார் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் கையால் திருப்பும் குமிழ் இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதை மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் இளகி மேலே வந்துவிடும்.